துப்பாக்கியால் முடியும் ஆமிஷ் கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவீன வசதிகளைக் குறைத்துக்கொண்டு, வன்முறையை மறுத்து வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் ஊர்களில் நிகழும் காதல் மர்ம நாவல்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அமெரிக்க வெகுசன வாசிப்பில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துவிட்ட இந்த நாவல் வகையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால், மின்சாரமும் தொலைபேசியும் காரும் இல்லாத ஊரில் ஆபத்தில் சிக்கிய நாயகியால் யாரையும் உதவிக்கு அழைக்க முடியாது என்பதாலேயே அந்த ஊர் திகில் கதைக்குப் பொருத்தமான களமாகிறது என்று கட்டுரையாளர் சொல்லும் காரணத்தை ஏற்க இயலவில்லை. இவ்வகை நாவல்களை நெடுங்காலமாக விரும்பிப் படித்துவரும் வாசகி என்ற முறையில், அந்தக் களத்தின் உண்மையான பதற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்றும், பெரும்பாலான நாவலாசிரியர்கள் அதைத் தொடாமலே கதையை முடித்துவிடுகிறார்கள் என்றும் கருதுகிறேன்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் குடும்பங்கள் வீட்டுக்குள் தொலைபேசி வைப்பதில்லையே தவிர, பண்ணைக்குப் போகும் வழியோரத்தில் ஒரு சிறு கொட்டகை கட்டி அதில் பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். கார் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. ஆனால் அவசரத்துக்கு வெளியாரின் காரை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். வேட்டைக்குப் போகிறவர்கள் என்பதால் பல வீடுகளில் துப்பாக்கியும் உண்டு. ஆகவே உதவிக்கு அழைக்கவோ தற்காத்துக்கொள்ளவோ கருவி இல்லை என்பது அங்கே சிக்கலே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் துப்பாக்கியை ஒரு மனிதனுக்கு எதிராக எடுக்கலாமா, தம்மவர் செய்த குற்றத்தைக் காவல் துறையிடம் கொண்டுபோகலாமா என்பவையே அவர்களைப் பிடித்தாட்டும் கேள்விகள்.

1757 செப்டம்பரில், பிரெஞ்சு-செவ்விந்தியப் போரின்போது, பென்சில்வேனியாவின் நார்த்கில் குடியிருப்பில் ஜேக்கப் ஹாக்ஸ்டெட்லர் என்ற ஆமிஷ் விவசாயியின் வீட்டைப் பிரெஞ்சுத் தரப்பில் போரிட்ட செவ்விந்தியர்கள் ஓர் இரவில் தாக்கினார்கள். மகன்கள் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்தபோது, மனித உயிரைப் பறிக்கக் கூடாது என்று தந்தை தடுத்துவிட்டார். வீடு எரிந்தது; மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் கொல்லப்பட்டார்கள்; அவரும் மற்ற இரண்டு மகன்களும் சிறைபிடித்துச் செல்லப்பட்டார்கள். அந்த வம்சாவளியினர் இன்றும் இதைச் சொல்லிவருகிறார்கள். இதற்கும் முற்பட்ட கதை ஒன்று, ஆமிஷ் வீடுகளில் போற்றிப் பாதுகாக்கப்படும் தியாகிகள் வரலாற்று நூலில் படத்தோடு இருக்கிறது. 1569 இல் நெதர்லாந்தின் அஸ்பெரன் நகரில், பெரியவரான பிறகே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற மறுஞானஸ்நானக் கொள்கைக்காகச் சிறையிடப்பட்ட டிர்க் வில்லெம்ஸ் தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மீது ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுகிறான். ஓடியவர் திரும்பி வந்து அவனைக் கரையேற்றுகிறார். அதனாலேயே மீண்டும் பிடிபட்டு உயிரோடு எரிக்கப்படுகிறார். துரத்தலும் பனியும் உயிரச்சமும் கொண்ட இதைவிடக் கூர்மையான திகில் காட்சியை எந்த நாவலில் படித்திருக்கிறோம்? துரத்தப்படுபவன் தப்புவானா என்ற பதைப்பு, தப்பக்கூடியவன் திரும்பி வருவானா என்ற பதைப்பாக மாறும் அந்த நொடிதான் இம்மக்களின் கதைகளுக்கே உரியது.

நாம் படிக்கும் நாவல்களோ அந்த நொடியை வெளியாள் ஒருவனிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஊரைவிட்டுப் போய்க் காவல் துறையில் சேர்ந்த முன்னாள் ஆமிஷ் இளைஞனோ நகரத்திலிருந்து வரும் துப்பறிவாளனோ களஞ்சியத்தில் வில்லனைச் சுட்டு வீழ்த்துகிறான். நாயகி அவன் தோளில் சாய்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் திருமணம். நாயகியின் கையில் கறை படியாமல் அவள் நம்பிக்கைக்கு நேர் எதிரான செயலால் அவளைக் காப்பாற்றிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு நேர்மையானதாகத் தோன்றவில்லை. 1985 இல் வந்த ‘விட்னஸ்’ திரைப்படத்தில் ஆமிஷ் பண்ணையில் ஒளிந்திருக்கும் காவல் அதிகாரி எதிரிகளைக் கொல்கிறார் என்பது உண்மைதான். ஆனால் கடைசி எதிரி பணிவது, அந்த வீட்டு ஆமிஷ் சிறுவன் அடித்த மணியோசை கேட்டு ஆயுதமின்றி வந்து நிற்கும் அக்கம்பக்கத்தாரின் முன்னால்தான். பின்னால் வந்த எத்தனையோ நாவல்கள் அந்தப் படத்தின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மணியை விட்டுவிட்டன.

காதல் பகுதியிலும் இதே அவசரம்தான். ஆமிஷ் இளைஞர்கள் பெரியவர்களான பிறகே ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பெற்றவர்கள் மட்டுமே சபைக்குள் மணமுடிக்க முடியும். ஞானஸ்நானத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன பெண் வீட்டுக்கு வந்து போகலாம். ஞானஸ்நானம் பெற்ற பிறகு, அப்போது கொடுத்த வாக்கை மீறி வெளியாளை மணந்தால் சபை அவளை விலக்கிவைக்கும். பெற்றோரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உண்பதும் மறுக்கப்படலாம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொள்ளும் அவர்களின் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972 இல் அங்கீகரித்திருப்பதால், வெளியேறும் பெண்ணிடம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் இருப்பதில்லை. நாயகி ஞானஸ்நானம் பெற்றவளா இல்லையா என்பதை முதல் அத்தியாயத்திலேயே தெளிவாக்கும் நாவலில் அவளுடைய ஒவ்வொரு பார்வைக்கும் விலை இருக்கும். அதைச் சொல்லாமலே முத்தக் காட்சிக்குப் போய்விடும் நாவலில் காதலுக்கு எந்த ஆபத்தும் இல்லை. லங்காஸ்டரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்துக்கு மீறிச் செலரிக் கீரை பயிரிட்டிருந்தால் அங்கே இலையுதிர்காலத்தில் கல்யாணம் இருக்கிறது என்று ஊர் ஊகித்துக்கொள்ளுமாம். விருந்துக்கு அது அவ்வளவு வேண்டியிருக்கிறது. காதலை மறைத்துவைக்கும் ஊரில் தோட்டமே துப்புக் கொடுக்கும் இந்த அழகான செய்தியை ஒரு மர்மக் கதைக்காரர் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்!

மன்னிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006 அக்டோபர் 2 அன்று லங்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்த கொலையாளியின் குடும்பத்தை ஆமிஷ் அண்டைவீட்டார் அன்றே தேடிச் சென்று ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய அடக்கத்துக்கும் சென்றார்கள். அதன் முன் தலைவணங்குகிறேன். அதே சமயம், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம், குற்றவாளி சபையில் மண்டியிட்டு அறிக்கை செய்துவிட்டான், இனி மன்னித்து மறந்துவிடு என்று வற்புறுத்தப்பட்டதை ஊரைவிட்டு வெளியேறிய பெண்கள் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். தானாக வரும் மன்னிப்புக்கும் கேட்டு வாங்கப்படும் மன்னிப்புக்கும் நடுவே அகப்பட்ட பெண், இரவில் அந்தத் தொலைபேசிக் கொட்டகையை நோக்கி நடக்கிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் முகமூடிக்காரன் எவனும் வர வேண்டியதில்லை.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் நாவல்களை மதிப்பிடும்போது, நாயகன் சுட்ட பிறகு ஊர் அவனை எப்படி எதிர்கொண்டது, அவனை மணப்பதற்கு நாயகி எதை இழந்தாள் என்ற இரண்டையும் அந்தந்த நாவல் எழுதிக் காட்டியிருக்கிறதா என்று கட்டுரையாளர் குறிப்பிட வேண்டுகிறேன். எந்த நூலை வாங்கிப் படிப்பது என்று தீர்மானிக்க என் போன்றவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகி