சர்வீஸ் கையேட்டில் தவறான முறுக்கு அளவு: சிலிண்டர் சேதம் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: 110 சிசி ஏடிவி சர்வீஸ் கையேடு, 61-ஆம் பக்கத்தில் உள்ள பிழை.

உங்கள் நிறுவனத்தின் 110 சிசி ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகள் ஓட்டும் வண்டி. அதன் இன்ஜின் இப்போது பாகம் பாகமாக மேசைமேல் கிடக்கிறது, ஏழு வாரமாக. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் முறுக்கு அளவு உங்கள் கையேட்டில் ஓரிடத்தில் தவறாக அச்சானதுதான் காரணம்.

நடந்ததைச் சொல்கிறேன். சைலன்சரில் நீலப் புகை வந்தது, ஆயிலும் குறைந்துகொண்டே போனது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் அழுத்தம் குறைவு. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் ஏறியது. வால்வில் கசிவு என்றால் இப்படி ஏறாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்தான் தேய்ந்திருக்கிறது. கையேட்டை உங்களிடமே விலை கொடுத்து வாங்கினேன். அடிப்படைக் கருவிகள் உள்ள உரிமையாளர்களும் இதைப் பார்த்து வேலை செய்யலாம் என்று அதன் முன்னுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் இறங்கினேன்.

கழற்றும் வேலை நன்றாகவே போனது. ஒவ்வொரு படியையும் மகள் படம் எடுத்தாள், போல்ட்களைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தாள். இன்ஜின் தண்டின் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டில் உள்ள டி குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தி, பிஸ்டன் மேலே வந்த நிலையில் டைமிங் செயினை இறக்கினோம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் நான்கு நட்டுகளையும் ஒரேயடியாக விடாமல், எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினோம். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற சிறு வளையம் தெறித்து உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்தோம். மேல் ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனாலேயே சமமாகத் தள்ளி, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்தேன். கையேடு சொல்லும் எல்லை 0.5 மி.மீ., இதில் 0.7 இருந்தது. அதுவரை உங்கள் கையேடு எங்களுக்கு நல்ல துணையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புது ரிங், புது கேஸ்கெட் போட்டுத் திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல். ஹெட்டைப் பிடித்திருக்கும் நான்கு 8 மி.மீ. நட்டுகளுக்கு 22 நியூட்டன் மீட்டர் என்று 61-ஆம் பக்கம் சொல்கிறது. அது சரி. செயின் போகும் பக்கத்தில் இரண்டு சின்ன போல்ட்கள் உண்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்கள். அவற்றுக்கு நேராகவும் 22 என்றே அச்சிட்டிருக்கிறது. மேல் வரியின் எண் கீழ் வரியிலும் விழுந்துவிட்டது போலும்.

வைத்த அளவு வந்ததும் டிக் என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சை 22-க்கு வைத்து இறுக்கினேன். டிக் சத்தம் வரவே இல்லை. திடீரென்று கை லேசானது, போல்ட் சும்மா சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் மரைகளுக்கு நடுவில் சிலிண்டரின் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். மூன்று வார வேலை அது.

அப்புறம்தான் 14-ஆம் பக்கத்தின் பொது அட்டவணையைப் பார்த்தேன். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தனியாக அளவு கொடுக்காத இடங்களுக்கு மட்டுமே அந்த அட்டவணை பொருந்தும் என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பது நீங்கள்தான். 61-ஆம் பக்கத்தில் தனியாக அளவு இருந்தது, அதன்படி செய்தேன். இருமடங்குக்கும் மேல் இறுக்கினால் அலுமினியத்தில் வெட்டிய மரை தாங்காது என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை முன்பே எழுதி அனுப்பியபோது உங்களிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: வீட்டில் பிரித்த இன்ஜினுக்கு வாரண்டி கிடையாது. நான் வாரண்டி கேட்கவே இல்லை. தேய்ந்த ரிங் என் செலவு, புது ரிங்கும் கேஸ்கெட்டும் என் பணத்தில்தான் வாங்கினேன். நான் கேட்பது நீங்கள் அச்சிட்ட எண்ணுக்கான பொறுப்பு. என் கடிதத்தைப் படித்தவர் 61-ஆம் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

எனக்கு மரை போனது கையில் உடனே தெரிந்துவிட்டது. இன்னொருவருக்கு அது பாதி மட்டும் கிழிந்து, அப்போதைக்குப் பிடித்துக்கொண்டு, பிறகு ஓட்டும்போது விட்டுக்கொடுக்கலாம். இந்த அளவு வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் சிறுவர்கள். அதனால் முதலில் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள், கையேடு வாங்கிய எல்லோருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். என் விஷயம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மேக்னெட் கழற்றும் பக்கத்தையும் கூடவே பாருங்கள். 'மேக்னெட்டை அகற்றவும்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வேண்டும் என்றோ, அந்தப் புல்லரின் மரை என்ன அளவு, வலமா இடமா என்றோ ஒரு சொல் இல்லை. புல்லர் இல்லாதவர் சுத்தியலை எடுப்பார், உள்ளே இருக்கும் காந்தம் உடையும்.

எனக்கு வேண்டியது ஒரு புதிய சிலிண்டர். மரை போன துளையைக் குடைந்து கம்பிச்சுருள் மரை போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் எழுத்தில் உறுதி சொன்னால், அந்தச் செலவைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் தாருங்கள்.

14, 61 ஆகிய இரண்டு பக்கங்களின் நகலையும், மகள் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். அந்த போல்ட்டை அலுமினியச் சுருளோடு அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறோம். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்