தோல் தெரிந்த பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஐப்பசி மழை விடவில்லை. நம் மிருதங்கப் பட்டறையில் எந்தத் தோலும் காயாததால் உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

வகுப்பில் கொடுத்த வெலம் துண்டை, அதாவது எழுதுவதற்கென்று செய்த கன்றுத் தோலை, தொட்டதுமே மயிர்ப்புறம் எது, சதைப்புறம் எது என்று சொல்லிவிட்டாய். எப்படித் தெரிந்தது என்று ஆசிரியர் கேட்டபோது பேசாமல் நின்றாயாம். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை அம்மாடி.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அது நமக்குப் புதிய பொருளே இல்லை. கன்றுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயக் காயப் பிறைக் கத்தியால் சுரண்டுகிறார்கள். பதனிடுவதில்லை. பதனிட்ட தோல் செருப்புக்கு ஆகும். இழுத்துக் காயவைத்த தோலில்தான் விறைப்பு நிற்கும், மிருதங்கத்துக்கும் அதே கணக்குதான். அவர்களுக்கு எழுத்து ஓட மெல்லிய கன்றுத் தோல் வேண்டும். பழைய பிரெஞ்சில் கன்றைக் குறித்த சொல்லே அதற்குப் பெயரானது என்றாய். நமக்கோ கன்று ஈன்ற பசுவின் தோலில்தான் நாதம் என்பார் உன் தாத்தா.

ஈரம் பட்டால் வெலம் நெளிந்துகொள்ளும், அதை அடக்கத்தான் பழைய புத்தகங்களுக்குக் கனமான பலகை அட்டையும் கொக்கியும் வைத்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இதோ, இந்த மழையில் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை சுருதி இறங்கிக் கிடக்கிறது. தோல் செத்த பிறகும் காற்றைக் குடிக்கும். இதை நீ புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வயதில் என் அருகில் உட்கார்ந்து தெரிந்துகொண்டாய்.

நம் ஊரில் எழுத்துக்குப் பனையோலை. எழுத்தாணியால் கீறி, மை தடவி, செல்லரிக்கும் முன்னே அடுத்த தலைமுறை படியெடுத்தாக வேண்டும். அங்கே இங்கிலாந்தில் 1215-இல் எழுதிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் ஆட்டுத்தோலில் இன்னும் இருக்கிறது. வேதாகமத்தையே துறவிகள் பல நூற்றாண்டுகள் தோலில்தான் படியெடுத்தார்கள். இங்கே தோலைத் தொடுகிறவன் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நீ ‘தச்சு வேலை’ என்று எழுதி வந்தாய். பலாக்கட்டை கடைவதும் நம் வேலைதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. உன் வாயை அன்று அடைத்தது நான்தான்.

அடுத்த வகுப்பில் அந்த ஆசிரியரிடம் சொல். அப்பா மிருதங்கம் மூட்டுகிறவர், தோல் எனக்கு அவரிடமிருந்து வந்தது என்று சொல்.

அம்மா வடகம் அனுப்பியிருக்கிறாள். கழித்துப்போட்ட வெலம் துண்டு ஏதாவது கிடைத்தால், கேட்டு வாங்கி, வரும்போது கொண்டு வா. வளையத்தில் இழுத்துக் கட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா