நூலிலும் கவனம் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்குவோர் துணியின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். நூலில் கோட்டை விடுகிறார்கள். மெஷினில் துண்டுகளை இணைக்க 50-ஆம் எண் பருத்தி நூல் போதும். எண் கூடக்கூட நூல் மெலியும். தடித்த நூலானால் தையல் ஓரம் புடைத்து, தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குலக் கணக்கு தப்பும். பத்துத் துண்டு சேர்ந்ததும் கட்டங்கள் பொருந்தாது. மெஷின் ஊசி 80/12 அளவில் இருக்கட்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைத் திட்டுமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். மெருகுப் பூச்சுள்ள கைத்தையல் நூலை மெஷினில் கோக்கவே கூடாது. பூச்சு உள்ளே படியும். அடர்சிவப்புத் துணியை வெட்டுமுன் நனைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்பது நல்லது. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பின் உறையில், தையல் வரிசைகளுக்கு இடையே விடக்கூடிய அதிகபட்ச இடைவெளி குறித்திருக்கும். அதை மீறினால் துவைத்ததும் பஞ்சு திரண்டுவிடும்.

- ஒரு வாசகர்