பெயர் தெரியாத அந்த நண்பருக்கு நன்றி

எலக்ட்ரிக் கிட்டார் கிட் பெட்டியில் உடல், கழுத்து, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), திருகுகள், ஒயர்கள் எல்லாம் இருந்தன. செய்முறைத் தாள் மட்டும் இல்லை. முதன்முதலாகக் கிட்டார் கோக்கும் எனக்கு, முன்பின் அறியாத நீங்கள் பொறுமையாக எழுதி அனுப்பிய விளக்கம்தான் துணை.

உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை எங்கே பொருத்துவது என்பதற்கு நீங்கள் சொன்ன வழி அருமை. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து, அதை இரட்டிப்பாக்க வேண்டும். ஸ்கேல் (தந்தி அதிரும் மொத்த நீளம்) 648 மி.மீ. என்றால் 12ஆவது ஃப்ரெட் 324-இல் வரும். அங்கிருந்து இன்னொரு 324 போனால் சேடில், அதாவது பிரிட்ஜில் தந்தி அமரும் இடம். தந்தியை அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும் என்பதால், சேடில் பின்னால் நகரவும் இடம் விட வேண்டும். துளை போடுமுன் ஓரத் தந்திகள் இரண்டின் பாதையிலும் நூல் கட்டி, கழுத்தின் இரு விளிம்புக்கும் உள்ளே சரியாகப் போகிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். எதையும் காரணத்தோடு சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். கை தானாகவே தைரியமாக வேலை செய்தது.

அப்புறம் அந்த எர்த் ஒயர்! பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வந்து ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் பற்றவைக்க வேண்டியது. அது இல்லையென்றால் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இரைச்சல் கூடும் என்று நீங்கள் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? திருகுகளில் மெழுகு தடவும் யோசனையும் உங்களுடையதே.

இப்போது தந்தி மாட்டியாயிற்று. ஆறு தந்தியும் 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி சுத்தமாகப் பேசுகின்றன. உங்கள் கண்ணில் இது பட்டால், என் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.