பழத்துக்குப் போட்ட வரி

அன்புள்ள பங்காளி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். வார்டன் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராமல் ஏமாற்றியதற்கு நேரில் கணக்குத் தீர்க்கிறேன், ரசகுண்டு வேறு உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அன்றைக்கு போனில் 1647 நேப்பிள்ஸ் கலகத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "பழத்துக்கு வரி போட்டால் ஒரு ஊரே கொதிக்குமாடா, எவனாவது தூண்டிவிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது வெறும் பழம் இல்லை. ஸ்பெயின் அரசர் அப்போது பிரான்சோடு போரில் இருந்தார். 1640இலிருந்து கட்டலோனியாவும் போர்ச்சுக்கல்லும் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் ஆளும் பணமும் கொடுத்த இடங்களில், இத்தாலியில் அவர் ஆட்சிக்குக் கீழே இருந்த நேப்பிள்ஸ் முக்கியமானது. மாவு, எண்ணெய், உப்பு என்று எல்லாவற்றிலும் ஏற்கெனவே வரி. 1647 ஜனவரியில் ஆளுநர் ஆர்கோஸ் பிரபு பழத்துக்கும் போட்டார். கோடையில் ஏழைகள் வயிற்றை நிரப்பியது அந்தப் பழம்தான்.

சரி, எதிர்ப்பு வந்ததும் வரியை எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த வரிகளையெல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே விற்றுப் போருக்குச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வரப்போகும் வரி நேற்றே தீர்ந்துபோயிருக்கும். ஒரு வரியை ரத்து செய்தால் அதை வாங்கியவனுக்கு என்ன பதில் சொல்வது? வரிக்குச் சம்மதம் தெரிவிக்கும் நகரசபையிலோ பிரபுக்களுக்கு ஐந்து இடம், மக்களுக்கு ஒன்றே ஒன்று.

ஜூலை 7, சந்தைச் சதுக்கம். வரியை யார் கட்டுவது, பழம் கொண்டுவந்தவனா கடைக்காரனா என்று தகராறு. அத்திப்பழம் தரையில் கொட்டியது, வரிச்சாவடி எரிந்தது. மசானியெல்லோ என்ற மீன்காரன், 27 வயது, முன்னால் வந்து நின்றான். அவன் மனைவியை மாவு கடத்தினாள் என்று பிடித்து அடைத்தவர்கள்தான் அந்த வரிக்காரர்கள் என்பார்கள். மக்கள் என்ன கோஷம் போட்டார்கள் தெரியுமா? ஸ்பெயின் அரசர் வாழ்க, கெட்ட நிர்வாகம் ஒழிக! அரசருக்குத் தெரிந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று அவ்வளவு நம்பியிருக்கிறார்கள், பாவம்.

தூண்டிவிட்டவர் உண்டு, அதில் நீ சொன்னது சரி. ஜெனொயினோ என்ற கிழட்டு வக்கீல் கூடவே இருந்தார், மக்களுக்கும் பிரபுக்களுக்கும் சம ஓட்டு வேண்டும் என்று பல வருஷமாகப் போராடிச் சிறைக்கும் போனவர். ஆனால் பசி இல்லாத ஊரில் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள், சொல்?

ஜூலை 16, கார்மினே மடத்தில் மசானியெல்லோவைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசி நாட்களில் அவன் நிலைதடுமாறிப் பேசியதால் கூட்டமும் அவனைக் கைவிட்டிருந்தது. தலையை வெட்டி எடுத்துப் போனார்கள். மறுநாளே, அதே விலைக்குக் கிடைத்த ரொட்டியின் எடை குறைந்தது. அதே மக்கள் தலையையும் உடலையும் தேடிச் சேர்த்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கலகம் அதோடு அடங்கவில்லை, அந்த நகரத்தை ஸ்பெயின் முழுதாகத் திரும்பப் பிடிக்க அடுத்த வருஷம் ஏப்ரல் ஆனது.

அந்த ஜெனொயினோவுக்கு ஆளுநர் பெரிய பதவி கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். அது துரோகமா, இல்லை எண்பது வயசு மனுஷனின் களைப்பா? என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. உன் வக்கீல் மூளையால் யோசித்து எழுது, போனில் வேண்டாம், பாதியிலேயே வைத்துவிடுவாய்.

அம்மாவை சொட்டு மருந்து மறக்காமல் போடச் சொல்.

உன் பங்காளி