ஆனித் தேருக்கு வரும் தோழிக்கு

திருநெல்வேலி டவுன்,
வைகாசி 28

அன்புள்ள பார்வதிக்கு,

ஆனித் தேரோட்டத்துக்குப் பேரப்பிள்ளைகளுடன் வருவதாக எழுதியிருந்தாய். வருவதற்கு முன் என் கணவரைப் பற்றிச் சிலவற்றை நீ அறிந்திருப்பது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முக்கூடல் சாலையில் அவர் வண்டி சறுக்கி விழுந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. (தலைக்கவசம் வண்டிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை இனிப் பேசிப் பயனில்லை.) அடிபட்டது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி. கோபத்தை அடக்குவதும் ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் அந்தப் பகுதியின் பொறுப்பு என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அது வெறும் பாடமாகவே கேட்டது. காலை பத்து மணிக்கும் பல் துலக்காமல் கட்டிலில் அமர்ந்திருந்தவரைச் சோம்பேறி என்று நான் ஏசி, அவர் தட்டை வீசியெறிந்த நாளில்தான் அதன் பொருள் விளங்கியது. இப்போது ஏன் என்று கேட்பதில்லை. பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக் கையில் கொடுத்துவிட்டால் மீதியைக் கை தானாகவே செய்துவிடுகிறது.

காயம் ஆறி முடி வளர்ந்துவிட்டதால், பார்ப்பவர்கள் "அண்ணாச்சி நல்லாத்தான இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவரும் அதையே சொல்கிறார். தமக்குக் குறையே இல்லை என்று நம்புவதும் இந்தக் காயத்தின் ஒரு கூறுதானாம். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

மணம் அறியும் நரம்பும் போய்விட்டது. அல்வாவைத் தின்றால் இனிப்பு நாவுக்குத் தெரிகிறது, நெய் மணம் தெரிவதில்லை. கேஸ் கசிந்தாலும் அறியமாட்டார் என்பதால், வெளியே போகும்போதெல்லாம் சிலிண்டரை மூடிவிட்டே போகிறேன். இரண்டு முறை வலிப்பு வந்தபின் குறுக்குத்துறைக்குத் தனியாகக் குளிக்க அனுப்புவதில்லை. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவருக்கு அதுதான் பெருங்குறை. ஞாயிறுதோறும் என் தம்பி உடன் போய் இடுப்பளவு நீரில் நிற்கிறான்.

காலையில் வா, மாலையில் களைத்துவிடுவார். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்பு, ஏனெனில் பல குரல்கள் ஒன்றாகக் கேட்டால் எதையும் பிரித்தறிய முடியாமல் சினம் வந்துவிடுகிறது. "என்னை நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதே, உன் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்கு. பழங்கதைகளை அவரே எடுத்துக்கொடுப்பார், நேற்று உண்டதுதான் நிற்பதில்லை.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். பக்கத்தில் படுத்திருப்பவரை நினைத்தே அழுவதை நான் யாரிடம் சொல்வது? தேர்க் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போக முடியாது. ஒரு மணி நேரம் நீ அவருடன் இருந்தால், நான் ரத வீதிக்குப் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
கோமதி