மீந்த பலகாரம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளியை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சமையல் இணைப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். 12 இனிப்பு, 12 காரம், கடைசிப் பக்கத்தில் ‘கிச்சன் டிப்ஸ்’. அந்த டிப்ஸில் ஏழாவதாக இருந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பலகாரம் மீந்துபோனால் கவலைப்பட வேண்டாம், நான்கைந்து நாள் பார்த்துவிட்டு வீட்டு வேலை செய்பவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் எனக்கு அன்று காலைக் காபி பாதியிலேயே ஆறிப்போனது.

என் அம்மா பத்துப்பாத்திரம் தேய்த்தவள். இதே கோவில்பட்டியில், 1960களின் கடைசியில், நான்கு வீடுகளில். தீபாவளி கழிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளுடைய தூக்குச்சட்டி கனத்து வரும். நாங்கள் மூன்று பிள்ளைகளும் வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். ஆனால் அம்மா உடனே தர மாட்டாள். எல்லாவற்றையும் சுளகில் கொட்டி ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாள். நமுத்துப்போன முறுக்கை இரும்புச் சட்டியில் வெறுமனே வறுத்து ஆறவைப்பாள். கல்லாகிப்போன மைசூர்பாகை உடைத்து வெந்நீரில் கரையவிட்டு, கொஞ்சம் அரிசி நொய் போட்டுக் காய்ச்சினால் அது எங்களுக்குப் பாயசம். வடையைப் பெரும்பாலும் கோழிக்குத்தான் போடுவாள். அதன் நடுவில் நூல் விட்டிருக்கும். ஒரு வருடம் பால் இனிப்பு ஒன்று அவள் மூக்குக்குத் தப்பிவிட்டது. என் தம்பி இரண்டு நாள் வாந்தி, பேதியில் துவண்டு கிடந்தான். அம்மா அந்த வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அடுத்த வருடமும் அதே வீட்டிலிருந்து அதே நான்காம் நாள் வாங்கி வந்தாள்.

அந்த நான்கில் ஒரு வீட்டு அக்கா மட்டும் வேறு மாதிரி. தீபாவளியன்று விடியற்காலை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும்போதே, பத்து இட்லியும் கறிக்குழம்பும் தனியாக எடுத்துவைத்து அம்மாவை அனுப்பிவிடுவார். நாங்கள் சாப்பிடும்போது குழம்பு சூடாக இருக்கும். அம்மா சாகும்வரை அந்த அக்கா பேச்சை எடுத்தால் அந்தச் சூட்டைத்தான் சொல்வாள். பலகாரத்தில் என்னென்ன கொடுத்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதாக இருந்தால் முதல் ஈட்டில் எடுத்துக் கொடுங்கள். மீந்ததை என்ன செய்வது என்பது வேறு கணக்கு. அதை நம் அடுப்பிலேயே தீர்க்க வேண்டும். அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். 1984-இல் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன்.

சத்துணவுக் கூடத்தில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் தலை எண்ண வேண்டும். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணிக்கை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அரிசி அளப்போம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ போட்டால் தலைக்கு 20 கிராம். 20 கிராம் என்றதும் சிரிப்பீர்கள். ஊறி வெந்த பிறகு அது இரண்டு மடங்குக்கும் மேலே போகும். பிள்ளையின் கை நிறைய ஒரு குத்து.

எங்கள் வீட்டில் கொலு வழக்கம் கிடையாது. மருமகள் வந்தபின் மூன்று வருடமாக வைக்கிறோம். முதல் வருடம் அவள் ஒரு நாளைக்கு ஒரு கிலோ கடலை ஊறப்போட்டாள். வந்தவர்கள் பதினைந்து பேர். அதுவும் எல்லோரும் ஏற்கெனவே மூன்று வீட்டில் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்! ராத்திரி ஒன்பது மணிக்கு அண்டாவில் பாதி அப்படியே இருந்தது. மறுநாள் நான் தராசை எடுத்து வைத்தேன். பதினைந்து பேருக்கு, வீட்டு ஆட்களையும் சேர்த்து, அரைக்கிலோ தாராளம். இப்போது அவளே தலைக்கு 25 கிராம் என்று வாய்ப்பாடு சொல்கிறாள்.

அப்படியும் மீறும். மீறும் என்று தெரிந்தால் தேங்காய் போடுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துவைத்துவிட வேண்டும். சுண்டலைக் கெடுப்பது கடலை இல்லை, தேங்காய்த்துருவல்தான். தேங்காய் விழுந்த சுண்டல் அன்றைக்கு ராத்திரியோடு சரி. எடுத்துவைத்த கடலை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடலாம்.

இதில் பலரும் செய்யும் ஒரு தப்பு, வெந்த சுண்டலை அரைத்து வடை சுடப் பார்ப்பது. எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோய்ச் சட்டி முழுக்கத் தூளாகிவிடும். வெந்த பயறுக்குப் பிடிப்பு கிடையாது. வடைக்கு வேக வைக்காத ஊறின கடலை வேண்டும். வெந்ததை அரைத்து, அரிசி மாவும் வெங்காயமும் சோம்பும் சேர்த்துத் தோசைக்கல்லில் அடையாகத் தட்டினால் அருமையாக வரும். உங்கள் இணைப்பில் ‘சுண்டல் வடை’ என்று படத்தோடு போட்டிருந்தீர்களே, அதைச் சுட்டுப் பார்த்த பிறகுதான் படம் எடுத்தார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆயுத பூசைப் பொரியைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. லேத் பட்டறை, ஆட்டோ ஸ்டாண்ட், மகனுடைய ஆபீஸ், எதிர்த்த பிரஸ் என்று ஆளாளுக்கு ஒரு பை. வீட்டில் வாங்கியதும் சேர்த்து எங்களுக்குப் போன தடவை ஆறு பை வந்தது. அதற்குள் மழைக்காற்று ஆரம்பித்துவிடும். இரண்டே நாளில் பொரி நமுத்துத் துணி மாதிரி ஆகிவிடும். வெறும் சட்டியில் சிறுதீயில் வறுத்தால் பழையபடி மொறுமொறுப்பாகும். ஆறும்வரை மூடக்கூடாது. வெல்லப்பாகு காய்ச்சி உருண்டை பிடிக்கலாம். கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர்க்காரியிடம் பாகுப் பதம் கேட்டால் சொல்லாமலா இருப்பேன்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கெட்டியாகி, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதைவிட அதிகம் ஓடுவது பொரி உப்புமா. தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்து, பிழிந்து, வெங்காயம் பச்சை மிளகாய் தாளித்ததில் மஞ்சளோடு புரட்டி, இறக்கும்போது பையில் இருக்கும் பொட்டுக்கடலையைப் பொடித்துத் தூவ வேண்டும். பத்து நிமிட வேலை. பேரன்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

பூசைக்கு உடைத்த தேங்காய் மூடிகள் இன்னொரு தலைவலி. வெயில் காலமாக இருந்தால் காயப்போட்டு எண்ணெய் ஆட்டிவிடலாம். ஐப்பசியில் ஏது வெயில்? துருவி, ஈரம் போகச் சிவக்க வறுத்து, மிளகாய் வற்றல், உளுந்து, கொஞ்சம் புளி வைத்துப் பொடித்துவிடுவேன். ஒரு வாரம் தோசைக்கும் சோற்றுக்கும் ஆகும். கறுத்துப்போன வாழைப்பழத்தைத் தூக்கி எறியாதீர்கள். பழம் கறுக்கக் கறுக்கப் பணியாரத்துக்கு நல்லது. கோதுமை மாவு, வெல்லம், ஏலக்காயோடு பிசைந்து பணியாரச் சட்டியில் ஊற்றலாம். வெல்லம் பாதி போதும், மீதி இனிப்பு பழத்திலேயே இருக்கிறது.

தீபாவளிக்கு வருகிறேன். பலகாரம் ஏன் மீறுகிறது? பிசைந்த மாவு அத்தனையையும் ஒரே மூச்சில் சுட்டுத் தீர்ப்பதால்தான். அதிரச மாவைப் பாகு போட்டுப் பிசைந்து டப்பாவில் அமுக்கி வைத்தால் நாட்கணக்கில் கெடாது. பாதியைச் சுட்டுவிட்டு மீதியை அப்படியே வையுங்கள். அடுத்த வாரம் விருந்தாளி வந்தால் சுடச்சுடப் போடலாம்.

சுடுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் முறுக்கு, அப்புறம் வடை, கடைசியில்தான் அதிரசம். வெல்லம் எண்ணெயில் இறங்கினால் கறுத்துவிடும். அதற்கு மேல் அந்த எண்ணெயில் எதைப் போட்டாலும் கசப்புத் தட்டும். உங்கள் இணைப்பில் அதிரசம் மூன்றாம் பக்கத்தில், முறுக்கு பதினெட்டாம் பக்கத்தில். அதே வரிசையில் சுட்டவர்கள் வீட்டு முறுக்கு என்ன நிறத்தில் வந்ததோ!

மிஞ்சிய எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கத் தீர்த்துவிடுவேன். காயும்போது நுரைத்தாலோ, காய்வதற்கு முன்பே புகைந்தாலோ, கையில் பிசுக்கென்று ஒட்டினாலோ அதைத் தொட மாட்டேன். ஓட்டல்களில் பழைய எண்ணெயைப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் சேரும் போலார் சேர்மங்கள் என்ற கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்படி ஒதுக்கிய எண்ணெயைப் பயோடீசல் செய்ய வாங்கிக்கொள்ளும் திட்டமும் அதே வருடம் வந்தது. வீட்டில் நமக்கு மூக்கும் கண்ணும்தான் கருவி. சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொண்டு பொங்கலுக்குள் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

உடைந்த முறுக்கைத் தனி டப்பாவில் போட்டு வைத்துப் பொடித்துக்கொண்டால், வாழைக்காய்ப் பொரியலின் மேல் தூவலாம், குருமா நீர்த்துப்போனால் ஒரு கரண்டி போட்டுக் கெட்டியாக்கலாம். உதிர்ந்த லட்டைச் சுண்டக் காய்ச்சிய பாலில் போட்டால் பாயசம். அம்மா வெந்நீரில் செய்ததை நான் பாலில் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைப் பெட்டி சமாச்சாரம் வேறு. தீபாவளிக்கு வரும் பெட்டிகளில் பால் இனிப்பு எப்போது செய்தது என்று யாருக்கும் தெரியாது. உதிரியாக விற்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அந்தத் தேதியை எழுதியிருந்தாலும் அது கடைத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டையில்தான் இருக்கும். பெட்டி கைமாறி, கைமாறி மூன்றாவது வீட்டுக்கு வரும்போது அட்டை கூடவா வரும்? நான் பரிசாகக் கொடுக்கும் பெட்டியின் மேல் தேதியைப் பேனாவால் எழுதிவிடுகிறேன். ஆரம்பத்தில் மருமகள் கூச்சப்பட்டாள். இப்போது அவள் அம்மா வீட்டிலும் எழுதுகிறார்களாம்.

கறிக்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் தேங்காய் அரைத்து விட்டதா, விடாததா என்று பார்க்க வேண்டும். அரைத்தது சீக்கிரம் ஊசிவிடும். நாங்கள் மறுநாளுக்கென்று எடுத்து வைக்கும் பங்கில் தேங்காய் சேர்ப்பதில்லை. சூடு பண்ணும்போது ஓரத்தில் குமிழ் வந்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சோற்றில் மட்டும் விளையாடாதீர்கள். சமைத்த சோறு சட்டியில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அதில் வளரும் கிருமி ஒன்று நஞ்சு கக்குகிறது. அதை மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் வாய் நாங்கள் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவோம். வீட்டில் மீந்த சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், காலையில் பழைய சோறு. இல்லையென்றால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் கிடந்ததை மறுநாள் லெமன் ரைஸ் ஆக்கி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு எழுதியது உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கத்தான். அடுத்த தடவை இணைப்புப் போடும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே எத்தனை பேருக்கு, எத்தனை நாள் தாங்கும், மீந்தால் என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஏழாம் டிப்ஸை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால் ‘நான்கைந்து நாள் கழித்து’ என்பதை ‘முதல் ஈட்டிலேயே’ என்று மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
கோவில்பட்டி.

பி.கு.: மூன்றாம் பக்கத்தில் அதிரசத்துக்கு ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ வெல்லம் என்று அச்சாகியிருக்கிறது. முக்கால் கிலோ. கால் கிலோ போட்டுப் பிசைந்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து நின்றார்கள். மறுபடி பாகு காய்ச்சி ஊற்றிச் சரிபண்ணிக் கொடுத்தேன்.